எறாவுக்கு நிம்மதி வாரியம்

நாட்டுல ஆடு, மாடு, கோழி எல்லாத்துக்கும் ஒரு வாரியம் இருக்கும்போது எறாவுக்கு, அதான் இறாலுக்கு, மட்டும் ஏன் இல்லனு மேலிடத்துல யாரோ மனசு நொந்துட்டாங்க போல. பழவேற்காடு ஏரிக்கரைல "கடலோர உயிரின நிம்மதி வாரியம்"னு ஒண்ணு தொறந்தாங்க. புயல் வந்தா ஜனங்க ஒதுங்கறதுக்குனு கட்டின கட்டடம் சும்மா கிடந்துச்சு. அதுல ஒரு மேஜை, ஒரு ஏசி, தனசேகர்னு ஒரு ஆபீசரு. புயல் இல்லாத நாள்லயே வந்து ஜம்முனு ஒதுங்கிக்கினாரு.

இதுக்கெல்லாம் ஆரம்பம் சத்யா மேடம். பாவம், நல்ல பொண்ணு. ஏரி எறாவ வச்சி ஆராய்ச்சி பண்ணுது. ஒருநாள் லைட்ஹவுஸ் குப்பத்துல மைக்கு புடிச்சி வெளக்கம் சொல்லிச்சு.

"எறாவோட செல்லுக்குள்ள புரோட்டீன் கைனேஸ்னு சில என்சைம் இருக்கு. வெளிய ஏதாவது நடந்தா, செல்லு வாசல்ல நிக்கற ஒரு புரோட்டீன் சேதி வாங்கும். வாங்கி, பக்கத்துல இருக்கற கைனேஸ எழுப்பும். அது அடுத்தது முதுகுல பாஸ்பேட்டுனு ஒரு முத்திரைய ஒட்டும். முத்திரை ஒட்டினதும் அதுவும் முழிச்சிக்கும், அதுக்கு அடுத்தத எழுப்பும். இப்படியே வரிசையா போய் செல்லுக்கு நடுவுல இருக்கற உட்கருவுக்கு சேதி சேரும். எறா பயந்தா இந்த வரிசை முழுக்க முழிச்சிக்குது."

முன்னாடி குந்தினு இருந்த முத்துராஜ் தொடைய தட்டினான். "அட, நம்ம பாடு மாதிரியே கீது!"

அவனுக்கு அப்ப எத்த பாத்தாலும் பாடு மாதிரி தான் தெரியும். ஏரில எறா புடிக்கறதுக்கு குப்பத்துல முறை வச்சிருக்காங்க, அதுக்குப் பேரு பாடு. உன் முறை அன்னிக்கு நல்ல எடத்துல உன் வலை மட்டும் நிக்கும். தவறவுட்டா அன்னிக்கே அடுத்தவனுக்கு போயிடும். அழுதாலும் திரும்பாது, ஊரே ஒரு சுத்து முடிச்சாதான் மறுபடி வரும். முத்துராஜுக்கு இந்த தபா அமாவாசையோட விழுந்திருக்கு. எறா கூட்டமா ஓடற நாளு. அவன் பொண்டாட்டி பூவிழி அந்த ஒரு நாள நம்பித்தான் புதுசா வேயறதுக்கு வூட்டுக் கூரைய பிரிச்சி வச்சிருந்தா.

"இது லேப்ல பாத்தது தான், இன்னும் உறுதி ஆவல"னு சத்யா மேடம் கடைசில சொல்லிச்சு. தனசேகர் அந்த நேரம் பலமா கைதட்டிக்கினு இருந்ததால அவர் காதுல விழல.

மறுவாரம் உத்தரவு வந்துச்சு. "மேற்படி ஏரியில் பிடிபடும் இறால் எதுவும் எவ்வித மன உளைச்சலுக்கும் ஆளாகாத நிலையிலேயே கரை சேர்க்கப்பட வேண்டும்."

முத்துராஜ் போய் கேட்டான். "எறாவுக்கு உளைச்சல் இல்லனு எப்படி சார் தெரியும்?"

"அரைச்சுப் பாத்தா தெரியும். கைனேஸ் தூங்குதா முழிச்சிருக்கானு மெஷின் சொல்லிடும். நேத்து கூட ஒண்ணு பாத்தோம். பரம நிம்மதியா இருந்துச்சு."

"இப்ப எங்க சார் அது?"

"இதோ, இந்த டப்பால."

முத்துராஜ் டப்பாவ எட்டிப் பாத்தான். "ஆமா சார். இப்பவும் நிம்மதியா தான் கீது."

தனசேகருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எல்லா எறாவையும் அரைச்சா ஏரில தொவையல் தான் மிஞ்சும்னு அவருக்கும் புரிஞ்சது. ஏசிய கூட்டி வச்சிகினு யோசிச்சாரு. யோசிச்சி, ஒரு பெரிய உண்மைய கண்டுபுடிச்சாரு.

"சிக்னல் எங்கேர்ந்து வருது? வெளியேர்ந்து. வெளிய யாரு இருக்கா? வலை போடறவன். உன் பதட்டம் கைக்குப் போவுது, கைலேர்ந்து வலைக்கு, வலைலேர்ந்து எறாவுக்கு. ஆகவே இனிமே சோதிக்க வேண்டியது எறாவ இல்ல, உன்ன!"

"என்னையும் அரைப்பீங்களா சார்?"

"விரல்ல கிளிப்பு மாட்டுவோம்யா. பச்சை எரிஞ்சா வலை போடலாம். சிவப்பு எரிஞ்சா உன் பாடு அடுத்தவனுக்கு."

சத்யா மேடம் ஓடி வந்துச்சு. "சார், நான் சொன்னது செல்லுக்குள்ள நடக்கறது. மனுஷன் கைலேர்ந்து..."

"நீங்க உள்ள பாத்துக்குங்கம்மா. வெளிய வாரியம் பாத்துக்கும்."

அன்னிலேர்ந்து முத்துராஜ நிம்மதியா வச்சிக்கறது குப்பத்தோட வேலையா பூடுச்சு. தெருவுல போனா நாலு பேர் நிறுத்தி, "டென்ஷன் ஆவாத முத்து"னு சொல்லுவாங்க. சோறு துன்னா, "பொறுமையா துன்னு"னு பூவிழி கத்துவா. தூக்கத்துல பொரண்டு படுத்தா எழுப்பி, "நல்லா தூங்குறியா?"னு கேப்பா. அவனுக்கு அடுத்த பாடு திருவேங்கடத்துது. அவன் சைக்கிள்ல போவும்போதெல்லாம், "மாப்ள, மூஞ்சி ஏன் வேர்க்குது?"னு அக்கறையா விசாரிச்சிட்டுப் போவான்.

அமாவாசை காலைல கிளிப்ப மாட்டினாங்க. சிவப்பு.

"எதுக்குய்யா பதட்டம்?"

"பாடு போயிடுமோனு தான் சார்."

"பதட்டப்பட்டா போயிடும்."

"அதான் சார் பதட்டமா கீது."

"அடுத்து!"

திருவேங்கடம் வாயெல்லாம் பல்லா வந்து விரல நீட்டினான். அதுவும் சிவப்பு. ஓசில அமாவாசை பாடு கெடச்ச குஷில நெஞ்சு தவில் அடிச்சிருக்கு. "அளவுக்கு மீறிய மகிழ்ச்சியும் உளைச்சலாகவே கருதப்படும்"னு தனசேகர் சொல்லிட்டாரு. அத விதியா எழுதி சீல் குத்தி முடிக்கறதுக்குள்ள ஆபீஸ் மூடற நேரம் ஆயிடுச்சு. அன்னிக்கு ஏரில ஒரு வலையும் எறங்கல.

மறுநாள் முத்துராஜ் ஏசிக் காத்து வாங்கலாம்னு சும்மா போய் நின்னான். இனிமே கைய வுட்டுப் போறதுக்குத் தான் ஒண்ணுமே இல்லியே. தனசேகர் வெளையாட்டா கிளிப்ப மாட்டினாரு. பச்சை! அதுவும் எப்படி? கோயில் சீரியல் செட்டு மாதிரி பளபளனு எரிது. அங்கயே சர்டிபிகேட் குடுத்து, பொன்னாடை போத்தி, "சான்று பெற்றவரே பிறரைச் சோதிக்கத் தகுதி உடையவர்"னு கிளிப்பையும் அவன் கைலயே குடுத்துட்டாரு.

முத்துராஜ் கிளிப்ப பாத்தான். ஒரு யோசனை வந்துச்சு. சிவப்பு வாங்கினவன் பாடு அன்னிக்கே அடுத்தவனுக்குப் போவுது. எல்லாரும் சிவப்பு வாங்கினா? சுத்து சட்டுனு முடிஞ்சி பாடு நமக்கே வந்துடுமே! அமாவாசை எறா இன்னும் ரெண்டு நாள் ஓடுமே!

மேஜை போட்டு குந்தினான். முதல்ல மூர்த்தி வந்தான். "குந்து மூர்த்தி, மூச்ச நல்லா இழுத்து வுடு. ஆமா, உன் போன்லேர்ந்து நம்ம ஊர் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சே, நீயா போட்ட?"

சிவப்பு.

அடுத்து மனோஜ். "குந்து மச்சான். உன் ஆடு ஒண்ணு வாரியத்துக் கார் மேல ஏறி நிக்குதே, பாத்தியா?"

சிவப்பு. இப்படி ஆளுக்கு ஒண்ணா காதுல ஓதி, சாயங்காலத்துக்குள்ள குப்பம் மொத்தத்தையும் சிவப்பாக்கிட்டான். பூவிழி வூட்ல வலைய எடுத்து வெளிய வச்சா.

மறுநாள் விடிஞ்சதும் முத்துராஜ் பாடு. பொன்னாடைய போத்திகினு போய் தனசேகர் முன்னாடி விரல நீட்டினான்.

"நான் சோதிக்கக் கூடாது. சான்று பெற்ற மீனவர் தான் சோதிக்கணும்."

"அப்ப நானே மாட்டிக்கறேன் சார்."

"தனக்குத் தானே சான்று குடுக்கக் கூடாது. விதி."

சத்யா மேடம் மெதுவா சொல்லிச்சு. "சார், சில கைனேஸ் தனக்குத் தானே முத்திரை ஒட்டிக்கும்."

"செல்லுல ஒட்டிக்கும்மா. வாரியத்துல ஒட்டாது." அவன் பக்கம் திரும்பினாரு. "சர்டிபிகேட் வாங்கின இன்னொருத்தர கூட்டினு வாப்பா."

முத்துராஜ் ஓடினான். தெருத் தெருவா ஓடினான். பச்சை வாங்கின ஒருத்தன் குப்பத்துல இல்ல. திருவேங்கடம் சைக்கிள நிறுத்தி, "இன்னா மாப்ள, மூஞ்சி ஏன் வேர்க்குது?"னு கேட்டான்.

எறா ஓட்டம் முடிஞ்சி பூடுச்சு. வாரியம் மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பிச்சு: "திட்டம் தொடங்கிய நாள் முதல் மேற்படி ஏரியில் ஒரு இறால் கூட உளைச்சலுக்கு ஆளாகவில்லை." உடனே விருது அறிவிச்சாங்க. புயல் கட்டடத்துல பந்தல் போட்டு குப்பத்துக்கே விருந்து. எறா தொக்கு, எறா வறுவல், எறா பிரியாணி.

"எறா ஏது சார்?"னு பூவிழி கேட்டா.

"ஏரிக்கு அந்தாண்ட, ஆந்திரா பக்கத்துது. அங்க வாரியம் இன்னும் தொறக்கல. டப்பா தட்டி, கூச்சல் போட்டு தொரத்திப் புடிக்கறாங்களாம். காட்டுமிராண்டிங்க." தனசேகர் வறுவல ஒரு கடி கடிச்சி கண்ண மூடினாரு. "ஆனா ருசிய பாருங்க. கைனேஸ் நல்லா தூங்கியிருக்கு."

குப்பம் மொத்தமும் மென்னுகினே தலைய ஆட்டிச்சு. பிரிச்ச கூரை அப்படியே கெடக்குதேனு பூவிழி மட்டும் முறைச்சா.

"ஆமா சார், நல்லா நிம்மதியான எறா"னு சொல்லிட்டு, முத்துராஜ் தட்ட இன்னொரு தபா நீட்டினான்.