மின்சாரக் கார் வாங்கியது சரிதான்

வாசகரே, காரை வாங்குகிறவர் ஒரு வகை. வாங்கிய காரை நியாயப்படுத்துகிறவர் வேறு வகை. முன்னவருக்குக் கடையில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது. பின்னவருக்கு அன்றுதான் ஆரம்பம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு பந்தயப் பாதையில், சொந்தக் காரைக் கொண்டுவந்து வேகம் பார்க்கிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "இப்போ பிரேக்" என்று சொல்வது என் பிழைப்பு. இந்த இரண்டாம் இனத்தை என்னைப்போலப் பெல்ட்டால் கட்டுண்ட நிலையில் ஆராய்ந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்த இனத்தில் ஒருவருக்கு நீங்கள் காலை வணக்கம் சொன்னால், தன் மின்சாரக் கார் நின்ற இடத்திலிருந்து எத்தனை நொடியில் அறுபது மைலைத் தொடும் என்பார்; மழை வரும்போலிருக்கிறதே என்றால், ஈரத்தில் எந்தப் பெட்ரோல் காரும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பார்; பசிக்கிறது என்று நீங்கள் எழுந்தால், இதே வேகத்துக்கு இத்தாலிக்காரனின் பந்தயக் காரை வாங்கப் போயிருந்தால் வீட்டையே விற்றிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கூடவே நடந்து வருவார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தல்.

கிளேட்டன் ஃபென்ஸ்கி அப்படிப்பட்டவர். பக்கத்து ஊரான ஷெபாய்கனில் பல் வைத்தியர். வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். அவரும் மனைவி மார்டாவும் ஏரியில் மீன் பிடிக்க வைத்திருந்த படகை விற்றுத்தான் அந்தக் கார் வந்தது. படகு மார்டாவுக்கு உயிர். விற்றபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கணவனைத் தூங்கவிடாமல் பேசவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியில், ஒரே ஒரு நாள் வந்து பார், பார்த்துவிட்டுத் தப்பு என்று சொன்னால் திங்கட்கிழமையே விற்றுவிடுகிறேன் என்று கிளேட்டன் அவரை ஒரு சனிக்கிழமை பாதைக்கு அழைத்து வந்தார். மார்டா மடக்கு நாற்காலியைப் பாதை ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். நான் கிளேட்டனுக்குப் பக்கத்தில் ஏறினேன்.

முதல் சுற்றைக் குறை சொல்ல முடியாது. சத்தமே இல்லாமல் யாரோ முதுகில் எட்டி உதைத்ததுபோல் கார் பாய்ந்தது. இரண்டாம் சுற்றில் எல்லாரையும் தாண்டினோம். மூன்றாவதில் பேட்டரி சூடாகிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. வேகம் இறங்கியது. அன்று பாதையில் ஓட்டிக்கொண்டிருந்த டுவேன் ஓல்ஸ்டாட் என்பவரின், கதவு ஒரு நிறமும் உடல் இன்னொரு நிறமுமான கிழட்டுப் பெட்ரோல் கார், மார்டா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே எங்களைத் தாண்டிப் போனது. டுவேன் மரியாதையாகக் கையசைத்தார்.

"பேட்டரி தன்னைத் தானே காப்பாத்திக்குது," என்றார் கிளேட்டன். "இது குறை இல்லப்பா. புத்திசாலித்தனம்."

காரைச் சார்ஜில் போட்டுவிட்டு மனைவியிடமும் அதையே விளக்கினார். சார்ஜ் ஏறும் நேரம், ஓட்டுகிறவனுக்குக் கட்டாய ஓய்வாம். டயர் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது, அது தரையை எவ்வளவு விசுவாசமாகப் பிடிக்கிறது என்பதற்குச் சாட்சியாம். மார்டா எல்லாவற்றையும் கேட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாவியைக் குடு."

"நீயா ஓட்டப் போற?"

"படகுல பாதி என்னுது. அப்போ இதுலயும் பாதி என்னுதுதானே? என் பாதியை நான் ஓட்டிப் பாக்கறேன்."

மதியம் மார்டா பெயரைப் பதிந்து, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கையில் மறுபடி நான். முதல் சுற்றைத் தேவாலயத்துக்குப் போகிறவர்போல ஓட்டினார். பிறகு, கனமான காரை வளைவுக்கு வெகு முன்பே மெல்லத் திருப்ப ஆரம்பித்தார். அலையில் படகைத் துறைக்குள் கொண்டுவந்த கை அது. முரட்டு மிதியும் இல்லை, வெட்டித் திருப்பலும் இல்லை. பேட்டரியும் அவ்வளவு சீக்கிரம் சூடாகவில்லை. டுவேனைத் தாண்டியபோது, பிரேக் என்று சொல்ல வேண்டியவன் சொல்ல மறந்து கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காரை நிறுத்திய பின்னும் மார்டா இறங்கவில்லை. கண் கலங்கியிருந்தது. கிளேட்டன் குனிந்து, தப்புதானா என்று கேட்டார். பல் பிடுங்கக் காத்திருப்பவரின் முகம்.

தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் படகு திரும்பி வருமா?

"கார் தப்பு இல்ல, கிளேட்டன்," என்றார் மார்டா. "நீ ஓட்டறதுதான் தப்பு."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் மார்டாதான் ஓட்டுகிறார். கிளேட்டன் டயருக்குக் காற்றுப் பார்க்கிறார், வாயை மூடிக்கொண்டு. ஊருக்கு நிம்மதி என்று நினைத்தேன். போன வாரம் புதிதாக வந்த ஒருவர் எங்கே தேநீர் கிடைக்கும் என்று மார்டாவிடம் கேட்டார். வெயிலில் பேட்டரியை எப்படிக் காப்பது என்பதில் தொடங்கி, பழைய படகின் எஞ்சின் எப்போதும் மக்கர் பண்ணும், அதைத் தொலைத்ததே நல்லது என்பதில் மார்டா முடித்தார். அந்த எஞ்சின் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. கிளேட்டனுக்கும் அது தெரியும். அவர் குனிந்து, ஏற்கனவே பார்த்த டயரை மறுபடி பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விருந்தாளி வந்தால், போன வருஷம் வாங்கிய பொருள் அவர் கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போடுகிறீர்களே, அது எதற்கு? சரி, சொல்லுங்கள், கேட்கிறேன். விலையிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.