தேதி போடாத ராஜினாமா

கம்பெனி பஸ்ஸில் ஏறினால் முதல் வேலையாக ராஜினாமா வீரரைக் கண்டுபிடியுங்கள். சிரமமே இல்லை. வேலையை விடப்போகிறேன் என்று யார் மிக உரக்கச் சொல்கிறாரோ, அவர்தான் கடைசிவரை விடாதவர்.

நம் சடையப்பனையே எடுத்துக்கொள்ளுங்களேன். மறைமலைநகரில் கார் பிரேக் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக மிஷின் ஆபரேட்டர். ஏப்ரல் பிறந்தால் இன்கிரிமென்ட் கடிதம் வரும். அதைப் பிரிப்பார், பக்கத்து சீட்டுக்காரன் கடிதத்தையும் எட்டிப் பார்ப்பார், கேண்டீன் சாம்பாரில் ஆரம்பித்து முதலாளிவரை ஒருவர் விடாமல் அர்ச்சனை செய்வார், பிறகு அடையாள அட்டை உறைக்குள் நாலாய் மடித்து வைத்திருக்கும் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து பஸ் முழுக்கக் காட்டுவார். எழுதி நாலு வருஷமாகிறது. தேதி மட்டும் போடவில்லை. நல்ல நாள் பார்க்கிறாராம்.

இந்த வருஷம் அந்த நாள் வந்தேவிட்டது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி, மாதம் ஆறாயிரம் கூடுதலாகத் தருகிறோம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்றது. மனைவி பூங்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் அனுவை நர்சிங் சேர்க்க அந்த ஆறாயிரத்தைத்தான் நம்பியிருந்தாள்.

சனிக்கிழமை கடிதத்தோடு மேனேஜர் கோதண்டராமன் அறைக்குள் போனார் சடையப்பன். வாயைத் திறக்கவே விடவில்லை அந்த மனுஷன்.

"வாப்பா, உக்காரு. டீ சாப்பிடு. உன் மாமியார் கண் ஆபரேஷன் என்ன ஆச்சு?"

மாமியாருக்குக் கண் இருப்பதே சடையப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நல்லா கீறாங்க சார்."

"தினம் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து பஸ் ஏறுறியாமே? திங்கட்கிழமையிலேர்ந்து உன் வீட்டு வாசல்லயே நிக்கும். உனக்கு டெங்கு வந்தப்ப வண்டி அனுப்பலையா? நாம ஒரே குடும்பம்பா."

உண்மையைச் சொல்லவேண்டும். அன்றைக்கு அந்த வண்டி வந்திருக்காவிட்டால், கேலி செய்ய இன்று நமக்குச் சடையப்பனே கிடைத்திருக்கமாட்டார். அக்கறை பொய்யில்லை. சம்பளப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னா அண்ணாத்த, குட்த்துட்டியா?" என்று பஸ்ஸில் கேட்டான் பக்கத்து சீட்டு ரஞ்சித்குமார்.

"மனுசன மதிக்கிற எடத்த வுட்டு எவனாவது போவானா மச்சான்?"

திங்கட்கிழமை பஸ் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பூங்கொடி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலேஜுல பீஸு கேட்டா இத்தயா ஓட்டிகினு போய் நிறுத்தறது?"

சடையப்பன் விறுவிறுவென்று ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அனு கதவருகில்தான் நின்றிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மறைமலைநகர் வருவதற்குள் பழைய குரல் திரும்பிவிட்டது.

"அடுத்த மாசம் பாரு மச்சான், பேப்பர் போட்டுர்றேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மேலதிகாரி உங்கள் சம்பளத்தை ஒழுங்காக உயர்த்தியது எப்போது? உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரித்தது எப்போது? இரண்டாவதுதான் சட்டென்று ஞாபகம் வருகிறதென்றால், பைக்குள் இருக்கும் உங்கள் கடிதத்தையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். தேதி போட்டிருக்கிறதா?