சமையலறைச் சுவரில் ஓர் ஓட்டை

ஈரானின் தப்ரீஸ் நகரத்துக் குளிர்காற்று ஊரில் எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் போகட்டும், தன் வீட்டுக்குள் மட்டும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று ஷூ கடை கஹ்ரமான் சபதம் எடுத்தார்.

சபதம் எடுத்தால் விடுகிற ஆள் இல்லை. ஜன்னல் இடுக்குக்கெல்லாம் டேப் ஒட்டினார். வாசல் கதவுக்கடியில் துணி சுருட்டி வைத்தார். மிச்சம் இருந்தது சமையலறைச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு பரங்கிக்காய் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் மூச்சு விடுவதற்காக வீடு கட்டியவனே வைத்தது. அந்த வழியாக வருகிற காற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. நேரே அவர் மனைவி சோல்மாஸின் முழங்காலுக்குத்தான் போகும். போன குளிர்காலம் முழுக்க அவள் காலை மாற்றி மாற்றி நின்று சமைத்ததைப் பார்த்து கஹ்ரமானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்டாட்டி மேல் அவ்வளவு பாசம். அதை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம்தான் இல்லை. பழைய போர்வை ஒன்றை உருட்டி ஓட்டைக்குள் திணித்தார்.

மறுவாரமே சோல்மாஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்தப் போர்வையை எடுங்க. நெருப்பு நீலமா எரியும், இப்போ மஞ்சளா எரியுது. சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அன்னைக்கே சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"புகை மேலே குழாய் வழியாப் போகணும்னா கீழே காத்து வரணுமாம். கீழே அடைச்சா விஷம் வீட்டுக்குள்ளயே திரும்புமாம். அதுக்கு வாசனைகூடக் கிடையாதாம்."

"வாசனை இல்ல, கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் அது இருக்குன்னு அவனுக்கு மட்டும் யாரு சொன்னா?"

"குடும்பத்தோட படுத்தவங்க எழுந்திருக்கலன்னு வருஷா வருஷம் பேப்பர்ல வருதே, அவங்களைப் போய்க் கேளுங்க."

"உனக்குத் தலைவலி வெங்காயத்தால. முதல்ல உன் முழங்காலைப் பாரு."

"முழங்கால் வலிச்சா தைலம் தேய்க்கலாம். மூச்சு நின்னா எதைத் தேய்ப்பீங்க?"

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது கஹ்ரமானின் வழக்கம். உயர்த்தினார். உயர்த்தியதில் அவருக்கே தலை விண்ணென்று தெறித்தது. ஆமாம், அவருக்கும் நாலு நாளாகத் தலைவலி. கடையிலிருந்து வந்து பாய்லர் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தால் பேச்சுப் பாதியில் கண் சொருகியது. அதை வெளியே சொன்னால் போர்வை விஷயத்தில் தோற்றதாக ஆகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவர் கடைக்குப் போனதும் சோல்மாஸ் போர்வையை உருவினாள். அவர் வந்ததும் திணித்தார். உருவிய போர்வையை அவள் துவைத்துக் காயப்போட்ட அன்று, கூடத்தில் இருந்த பூவேலைத் திண்டை எடுத்து வந்து அடைத்தார்.

அதற்குமேல் சோல்மாஸ் வாதாடவில்லை. கீழ் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

கீழ் வீட்டில் இருப்பவள் தையற்காரி கௌஹர். மரியாதைக்கு ஊரே அவளைக் கௌஹர் கானும் என்றுதான் கூப்பிடும். அன்று சாயங்காலமே தேநீருக்கு வந்தாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சியவள், ஓட்டையைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள்.

"அட, எவ்வளவு அழகான திண்டு!"

அந்த ஊர் வழக்கப்படி, விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் வீட்டுக்காரர் "பேஷ்கஷ், உங்களுக்கே" என்று சொல்லியாக வேண்டும். விருந்தாளி "ஐயோ, வேண்டாம்" என்று மூன்று தடவை மறுக்க வேண்டும். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், இருவர் மானமும் உயரும். கஹ்ரமானுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

"பேஷ்கஷ் கானும், உங்களுக்கே."

"வேண்டாம்னு சொன்னா உங்க மனசு நோகுமே அண்ணே," என்று கௌஹர் கானும் திண்டை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கஹ்ரமான் வாயடைத்து நின்றார். ஓட்டை வாயைத் திறந்துகொண்டது.

"ஒரு தடவைகூட மறுக்கலையே! இது என்ன நாகரிகம்?"

"பாவம், ஆசைப்பட்டுட்டாங்க. உங்க கையாலதானே கொடுத்தீங்க?" என்றாள் சோல்மாஸ், கோப்பையைக் கழுவியபடி.

அடுத்து ஆட்டுத்தோல் விரிப்பு ஒன்றைச் சுருட்டி அடைத்தார். மறுநாள் சாயங்காலம் கௌஹர் கானும் வந்தாள். "இந்த மாதிரி மென்மையான தோலை நான் பார்த்ததே இல்ல அண்ணே!" கஹ்ரமான் நாக்கைக் கடித்துக்கொள்ளத்தான் பார்த்தார். நாற்பது வருஷப் பழக்கம், நாக்கு அவரைக் கேட்கவில்லை. ஆட்டுத்தோலும் மாடிப்படி இறங்கியது.

வீட்டில் அடைப்பதற்கு இனி அவருடைய கம்பளிக் கோட்டுத்தான் பாக்கி. ஆனால் கஹ்ரமான் என்ன மண்ணாந்தையா? யோசித்தார். கண்ணில் பட்டால்தானே புகழுவாள்? படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டதும் கோட்டை உருவி அலமாரிக்குள் ஒளித்துவிட்டு, அவள் போன பிறகு மறுபடி அடைத்துவிட்டால் தீர்ந்தது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

அப்படியே செய்தார். கௌஹர் கானும் உள்ளே வந்தபோது சுவரில் வெறும் ஓட்டைதான் இருந்தது. கஹ்ரமான் நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்தார். இன்றைக்கு எதைப் புகழுகிறாய் பார்க்கலாம் என்று மீசையை முறுக்கினார்.

கௌஹர் கானும் தேநீரை உறிஞ்சினாள். பலகாரத் தட்டைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, என்ன அருமையான ஓட்டை!"

"பேஷ்கஷ், உங்களுக்கே," என்றது கஹ்ரமானின் நாக்கு.

"ரொம்ப சந்தோஷம். எடுத்துக்கிட்டேன்."

கஹ்ரமான் எழுந்து நின்றார். "ஓட்டையை எப்படிக் கானும் எடுத்துக்கிட்டுப் போவீங்க?"

"எதுக்கு எடுத்துக்கிட்டுப் போகணும்? இங்கேயே இருக்கட்டும். ஆனா இனிமே அது என்னோடது. அடுத்தவங்க சொத்துக்குள்ள கோட்டையும் கம்பளியையும் திணிக்கிற ஆளு நீங்க இல்லைன்னு தெருவுக்கே தெரியும்."

அவள் படி இறங்கிப் போனாள். கஹ்ரமான் அலமாரியைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கினான் என்று கடைத்தெருவில் பேச்சு வந்தால் அப்புறம் எந்த முகத்தோடு ஷூ விற்பது?

அவர் பாய்லரின் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். நெருப்பு சுத்த நீலமாக எரிந்தது. இரண்டு நாளில் தலைவலியும் போய்விட்டது. அது போன பிறகுதான் எவ்வளவு வலித்தது என்று அவருக்குப் புரிந்தது. ஒரு ராத்திரி இருவரும் எழுந்திருக்காமலே போயிருந்தால்?

மறுநாள் கடையிலிருந்து உள்ளே ரோமம் வைத்த, முழங்கால்வரை ஏறுகிற பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்தார். சோல்மாஸை நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் குந்தி, அவரே அவள் காலில் மாட்டிவிட்டார்.

"உன் முழங்காலுக்காகத்தான் அடைச்சேன்," என்றார், தலை நிமிராமல்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா அந்தப் பொம்பளையை ஏவிவிட்டே?"

"சண்டை போட்டா நீங்க தோக்க மாட்டீங்க, உபசாரத்துலதான் தோப்பீங்க."

கஹ்ரமான் பூட்ஸ் வாரை இறுக்கினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "உன் தலைவலிக்கு வெங்காயம்னு சொன்னது தப்புதான். உண்மையைச் சொன்னா, எனக்கும்..."

"எனக்கு வந்தது வெங்காயத் தலைவலியாவே இருக்கட்டும்," என்றாள் சோல்மாஸ், அவர் தலையைக் கோதியபடி. "நீங்க நாலு நாளா நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு ஒண்ணுமில்லாத மாதிரி நடிச்சீங்களே, அதைப் பார்த்துத்தான் நான் கீழ் வீட்டுக்குப் போனேன்."