பத்துக்கு இரண்டு

“பத்துக்கு ரெண்டா? எட்டுன்னு எழுத வந்து கை தவறிடுத்தா?”

பத்திரிகை ஆசிரியர் சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தாளில் அதே இரண்டுதான் இருந்தது.

“ரெண்டுதான் சார். அதுவே அதிகம்” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

தி. நகரில் ஒரு மாடியறையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘விசைப்பலகை’ மாத இதழில், கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு விமரிசனம் எழுதுவது அவள் வேலை. எதையும் கடைசிவரை ஆடிப் பார்க்காமல் எழுதமாட்டாள். இரண்டு பக்கக் கட்டுரை, அதன் அடியில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சுருக்கமாக இரண்டு வரி, பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று மார்க்.

இந்த மாதம் இரண்டு மார்க் வாங்கியது ‘கேவ் ராஜா’. அதை ஊரில் விற்பவர் பாண்டி பஜார் கனகராஜ். இதழின் பின்னட்டை விளம்பரம் மாதாமாதம் அவருடையது. இந்த மாத விளம்பரமே ‘கேவ் ராஜா’தான்.

“மனுஷர் பின்னட்டையில ‘உலகமே வியக்கும்’னு போட்டிருக்கார். நீ உள்ளே ரெண்டு போட்டா எப்படிம்மா? எட்டு வேண்டாம், ஒரு ஆறு?”

“கட்டுரையில என்ன வேணா மாத்துங்கோ சார். மார்க்குல மட்டும் கை வைக்காதீங்கோ.”

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் ‘விசைப்பலகை’யைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒரு கையில் காய்கறிப் பை, ஒரு கண் பஸ் வரும் திசையில். அவள் அடித்து அடித்துத் திருத்திய கட்டுரையை அவர் சீண்டவே இல்லை. நேராகக் கட்டத்துக்குப் போனார், சுருக்கத்தைப் படித்தார், மார்க்கைப் பார்த்தார், தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு 12பி-யில் ஏறிப் போய்விட்டார். முதலில் அவளுக்கு ரோஷமாக இருந்தது. அப்புறம் யோசித்தாள். கத்தரிக்காய் கனத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு மனிதருக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். அதற்குள் அவரை ஏமாறாமல் காப்பாற்ற அந்த ஒற்றை எண்ணால்தான் முடியும். அன்றிலிருந்து கட்டுரையைவிடக் கட்டத்துக்குத்தான் அவள் அதிகம் மெனக்கெட்டாள்.

“சரி, மார்க் இருக்கட்டும்” என்று இறங்கி வந்தார் சந்திரமௌலி. “சுருக்கத்தையாவது கொஞ்சம் இனிப்பா எழுதேன்.”

‘ஒரே குகை, ஒரே பூதம், ஏகப்பட்ட கொட்டாவி’ என்று இருந்ததை அடித்துவிட்டு ஸ்ரீரஞ்சனி எழுதினாள்: ‘பொறுமையை வளர்க்கும். ஒரே குகையைத் திரும்பத் திரும்பத் தரிசிக்க விரும்புவோருக்கு உகந்தது.’

சந்திரமௌலிக்கு வியர்த்தது. “இது பழசைவிட மோசமான்னா இருக்கு! பழசையே போடு. ஒண்ணு பண்ணலாம். கட்டுரையைத் தூக்கிடலாம். வெறும் கட்டம் மட்டும் ஓரமா கெடக்கட்டும். யார் கண்ணுலயும் படாது.”

இதழ் அச்சாகி வந்தது. நடுப்பக்கத்தைத் திறந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, சூரியன் மாதிரி சுற்றிலும் கதிர் விட்டுக்கொண்டு, ஒரு பிரம்மாண்டமான ‘2’.

பக்கம் வடிவமைக்கும் டில்லிபாபு பெருமையோடு பக்கத்தில் நின்றான். “மேட்டரைத் தூக்கச் சொன்னீங்களா, ரெண்டு பக்கம் காலியா கெடந்துச்சு சார். அதான் நம்பரைப் பெருசு பண்ணிட்டேன். ரோட்டுக்கு அந்தாண்ட நின்னாகூடத் தெரியும். சும்மா கும்முனு கீது இல்ல?”

“கனகராஜ் கண்ணுல படாம இருந்தா சரி” என்று முனகிய சந்திரமௌலி, டில்லிபாபுவையே கனகராஜ் கடைக்கு எதிரிலிருந்த கரீமுல்லாவின் பத்திரிகைக் கடைக்கு அனுப்பி, இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கிவரச் செய்தார்.

சாயங்காலமே கரீமுல்லாவிடமிருந்து போன் வந்தது. “சார், உங்க புக்கு இந்த மாசம் பிச்சிக்கினு போவுது! இன்னும் ரெண்டு கட்டு அனுப்புங்க. எனக்குன்னு எடுத்து வச்ச ஒரு புக்கை, அந்த ரெண்டு நம்பர் தெரியற மாதிரி விரிச்சு வாசல்ல தொங்கவுட்ருக்கேன்!”

மறுவாரம் கனகராஜே கூப்பிட்டார். “அந்த மார்க் போட்ட பொண்ணைக் கூட்டிக்கிட்டு உடனே கடைக்கு வாங்க சார்.” போனை வைத்துவிட்டார்.

ஆட்டோவில் சந்திரமௌலி கெஞ்சினார். “அச்சுப்பிழைன்னு சொல்லிடும்மா. எட்டு ரெண்டா மாறிடுத்துன்னு.”

“சொல்லமாட்டேன் சார்.”

“விளம்பரம் போனா உன் பக்கமும் போயிடும்.”

ஸ்ரீரஞ்சனி வெளியே பார்த்தாள். அந்தப் பக்கம் என்றால் அவளுக்கு உயிர். பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒருவர் பையைக் கைமாற்றிக்கொண்டு நின்றார்.

“போகட்டும் சார். ரெண்டுன்னா ரெண்டுதான்.”

சந்திரமௌலி அவளையே பார்த்தார். இருபது வருஷமாகப் பத்திரிகை நடத்துகிற தனக்கு இந்த வாக்கியம் எப்போது மறந்துபோனது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“நீ பேசவேண்டாம். நானே சொல்றேன்.”

கனகராஜ் கடை வாசலில் ஏகக் கூட்டம். ஆளுக்கொரு ‘கேவ் ராஜா’ பெட்டி கையில்.

“எல்லாரும் திருப்பிக் குடுக்க வந்திருக்கா” என்று முணுமுணுத்தார் சந்திரமௌலி. கல்லாவைத் தாண்டிக் குதிக்காத குறையாக கனகராஜ் ஓடிவந்தார். சந்திரமௌலி ஸ்ரீரஞ்சனியை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றார்.

“கனகராஜ் சார், ரெண்டுன்னா ரெண்டுதான்! மார்க்கை மாத்தறதா இல்லை!”

“ஐயய்யோ, மாத்திடாதீங்க சார்! உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்” என்ற கனகராஜ், ஒரு மைசூர்பாகு டப்பாவை ஸ்ரீரஞ்சனியின் கையில் திணித்தார். “ஆறு மாசமா தூசி படிஞ்சு கெடந்த சரக்கும்மா! வடபழனி, சைதாப்பேட்டைலேர்ந்தெல்லாம் தேடிக்கிட்டு வர்றாங்க. இந்தம்மா கையில இருக்கறதுதான் கடைசிப் பெட்டிங்க!”

ஸ்ரீரஞ்சனிக்குத் தலை சுற்றியது. தான் இத்தனை நாள் நம்பிய கட்டத்தை ஒருவரும் படிக்கவே இல்லையா? பக்கத்தில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற மயிலாப்பூர் மாமியிடம் கேட்டேவிட்டாள்.

“மாமி, இது நன்னாவே இல்லைன்னுதானே எழுதியிருக்கேன்? மார்க்கைப் பார்க்கலையா நீங்க?”

“பார்க்காம வருவேனாடீ? போன மாசம் நீ ஒன்பது மார்க் போட்டதை வாங்கிக் குடுத்துட்டு எங்காத்துப் பிள்ளையைச் சாப்பிடக்கூட எழுப்ப முடியலை. பரீட்சை சமயத்துல எனக்கு வேண்டியது, அவனே வெறுத்துப்போய் அணைச்சுட்டு எழுந்துக்கற மாதிரி ஒண்ணு!”