தங்கையன் மரைப்பசை கொண்ட படலம்

நீர் குன்றா நீடாமங்கலத்தின் நெடுந்தோளனே, அரிவாள் பிடித்த குலத்தில் முதன்முதலாக ஸ்பேனர் பிடித்த வீரனே, காயலான் கடையில் கிடந்த இரண்டு கார்களின் உறுப்பெடுத்து எட்டே மாதத்தில் ஒரு கார் சமைத்த தங்கையனே, வாழ்க! போல்ட்டையும் நட்டையும் காக்கும் பெயரறியாத் தெய்வமே, இக்கதை முடியும்வரை கழலாமல் எம் நாவில் இரு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு, குறுவை அறுவடை முடிந்த ஒரு வியாழக்கிழமை. நான்காண்டுகள் குவைத் வெயிலில் காய்ந்த நெய்னா முகம்மது மறுநாள் காலை திருச்சியில் விமானம் விட்டு இறங்குகிறார். அழைத்துவர அவர் மனைவி ஹலீமா தங்கையனின் காரைத்தான் பேசியிருந்தார். இந்த ஒரு சவாரி நல்லபடியாக நடந்தால், வளைகுடாவிலிருந்து வரும் ஒவ்வொருவரையும் சுமக்கும் உரிமை அவர்கள் தெருவில் அவனுக்கே. ஆனால் வெள்ளோட்டத்தின்போது, வெண்ணாற்றுப் பாலத்தின் நடுவே, சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் நான்கு போல்ட்டுகளும், தோற்ற அரசனைக் கைவிடும் படைபோல, ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டன. நான்கையும் பொறுக்கியெடுத்த நாயகன், போல்ட்டின் திருகு வரிகளாகிய மரையில் தடவினால் அதைக் கழலவிடாத பசையொன்று உண்டென்று கேள்விப்பட்டு, ஒரு போல்ட்டையும் அதன் நட்டையும் மாதிரிக்கு மடியில் முடிந்துகொண்டு, தஞ்சை செல்லும் பேருந்தென்னும் தேரில் நின்றபடியே புறப்பட்டான்.

தஞ்சையில், பஞ்சநதம் என்பவரின் இரும்புச் சாமான் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு சிறு பாட்டில்கள் பகை வேந்தர்போல் நின்றன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"நீலம் எடுத்துக்குங்க. பின்னாடி வேணும்னா கழட்டலாம். செவப்பு போட்டா நெருப்பு காட்டினாத்தான் கழலும்" என்றார் பஞ்சநதம்.

"கழலக் கூடாதுன்னுதானங்க வந்திருக்கேன். கழலுற பசைய எதுக்கு வாங்கணும்?"

சிவப்பைப் பற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அந்தோ, பாதி பாட்டில்தான் இருந்தது! மரக்காலில் கூம்பாக அளந்தாலன்றி நெல்லை ஏற்காத மண்ணின் மைந்தனுக்குக் கண் சிவந்தது.

"மீதிய யாருங்க குடிச்சா?"

"அது அப்படித்தாங்க வரும். உள்ள காத்து இருந்தாத்தான் பசை தண்ணியா இருக்கும். காத்து இல்லன்னா கல்லாயிடும்."

"காத்துக்கும் சேத்தா வெல போட்டிருக்கீங்க?"

நாயகன் சோதனையில் இறங்கினான். ஒரு சொட்டைக் கண்ணாடிமேல் விட்டு, சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவன் செய்வதுபோல ஊதினான், ஊழிக்காற்றென ஊதினான், மின்விசிறிக்கு நேராக நின்று, பகைவர் கோட்டையை முற்றுகையிட்டவன்போல் கண்ணிமைக்காது அரை மணி நேரம் காவலிருந்தான். சொட்டு காயவில்லை.

"டியூப்புக்குப் போடுற சொல்யூஷனே அஞ்சு நிமிஷத்துல காயுது. கேளுங்க மக்களே, இது போலிச் சரக்கு! அதுவும் பாதி பாட்டில் போலிச் சரக்கு!"

பெயின்ட் வாங்க வந்திருந்த இருவர் சிரித்தனர். "அண்ணே, பாய் தலவாணி கொண்டாரவா?"

முப்பதாண்டு வாணிபத்தில் பொய்யுரைக்காத பஞ்சநதம் சிங்கமெனச் சிலிர்த்தார். "இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல, காத்துப் புகாம இருந்தாத்தாங்க இறுகும். போல்ட்டு இருக்கா? குடுங்க."

தங்கையன் மடியை அவிழ்த்துக் கொடுத்தான். சிவப்பில் இரண்டு சொட்டு, நட்டு ஏறியது. ஒரு மணி நேரம் கடந்தது. பட்டறை இடுக்கியில் போல்ட்டின் தலை சிறைப்பட, ஸ்பேனரில் இரும்புக் குழாய் செருகி, முதலில் நாயகன் தொங்கினான். பின் பெயின்ட் வாங்க வந்தவர்கள் தொங்கினர். இறுதியில் மூவரும் மலையைப் பெயர்க்கும் களிறுகளென ஒருசேரத் தொங்க, இடியென ஓர் ஓசை எழுந்தது. நட்டு அசையவில்லை. போல்ட்டு இரண்டாக ஒடிந்தது.

"நல்ல சரக்குங்க!" என்று முழங்கினான் தங்கையன். "தோத்துட்டேன். நீங்க சொன்ன நீலத்தையே குடுங்க. அப்படியே இதே மாதிரி ஒரு போல்ட்டும்."

ஒடிந்த துண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்த பஞ்சநதத்தின் முகம் வாடியது.

"இது பழைய அங்குல மரைங்க. புதுக் கம்பெனிக் காரெல்லாம் வந்தப்புறம் எல்லாம் மில்லிமீட்டர்தான். தஞ்சாவூர் முச்சூடும் தேடினாலும் கிடைக்காதுங்க."

வீட்டில் மூன்று போல்ட்டுகள் நான்காவதன் வரவுக்குக் காத்திருக்க, மெய்ப்பொருள் கண்டவனாய், வேண்டும்போது மட்டும் கழலும் நீல உறுதியின் அரைப் பாட்டிலை மார்போடு அணைத்து, அந்தி சாயும் வயல்களினூடே தேரேறி மீண்டான் தங்கையன்.

மறுநாள் ஹலீமா பஸ்ஸில் திருச்சிக்குப் போனார்.