காலமான தலைவரின் நல்லாட்சி

நியூ கொரிந்த் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தலைவர் தேவை என்பதில் அதன் அறங்காவலர்கள் பதினைந்து பேருக்கும் ஒரே கருத்து. அவர்களுக்குள் ஒரே கருத்து இருந்த விஷயம் அது ஒன்றுதான்.

ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே காட்டை வெட்டி உண்டாக்கிய அந்த ஊருக்கு எட்டு வருஷம் முன்புவரை பன்றித்துறை என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் ஊர்ப் பெயர்களெல்லாம் கிரேக்கமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. மேற்கே பன்னிரண்டு மைலில் ஒரு ட்ராய் வந்துவிட்டது. வடக்கே ஒரு ஸ்பார்ட்டா. தாங்கள் மட்டும் பன்றியோடு நின்றுவிட்டால் மரியாதையாக இராது என்று கூட்டம் போட்டு, நியூ கொரிந்த் ஆனார்கள். பன்றிகளுக்குத் தகவல் சொல்லப்படவில்லை. அவை வழக்கம்போலப் பிரதான வீதியிலேயே படுத்திருந்தன.

அப்படிப்பட்ட வீதியில், 1811ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், அசாஹெல் பின்னி வந்து இறங்கினார். கனெக்டிகட்டிலிருந்து ஆறு வாரம் வண்டியிலும் படகிலும் குலுங்கி வந்தவர். கணிதம், கிரேக்கம், இயற்கைத் தத்துவம், 'மற்றும் தேவைப்படக்கூடிய ஏனைய பாடங்கள்' ஆகியவற்றுக்குப் பேராசிரியர். அவருடைய நியமனக் கடிதம் மட்டும் பத்தொன்பது பக்கம். அவ்வளவு நீளமாக எழுதத் தெரிந்தவர்கள் நடத்தும் பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தார்.

அறங்காவலர் குழுவின் செயலாளர் மேஜர் லெமுவெல் ஹஸ்கின்ஸ் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். மேஜருக்கு ஊரில் மாவு மில் இருந்தது. கோட்டு எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். அவர் காட்டியது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரே ஒரு நீளமான அறை. அதன் முன்னால் சுண்ணாம்பு பூசிய நான்கு பிரம்மாண்டமான மரத் தூண்கள் வானத்தைப் பார்த்து நின்றன.

"கூரை பாதிதான் இருக்கு, மேஜர்," என்றார் பின்னி.

"தூணைப் பாருங்க, புரொபசர்."

"பாத்தேன். கூரை..."

"டோரிக். அசல் கிரேக்கப் பாணி. டோரிக்கா அயோனிக்கான்னு பதினாலு மாசம் எழுதினோம். நூத்தி அறுபது கடிதம். லேசுப்பட்ட விஷயமில்ல."

"சரி, இந்தத் தூணெல்லாம் எதைத் தாங்குது?"

ஹஸ்கின்ஸ் தலையை நிமிர்த்தித் தூண்களின் உச்சியைப் பார்த்தார். அங்கே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. "அதை அடுத்த வருஷத்துக்கு வெச்சிருக்கோம்," என்றார்.

மாணவர்கள் நான்கு பேர். அவர்களில் ஓபெத் டட்டில் என்பவனுக்கு வயது இருபத்திரண்டு. ஏர் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். மற்ற மூவரும் மழைக்குக் கூரையுள்ள பக்கம் நெருக்கி உட்காருவார்கள். ஓபெத் நனைகிற பக்கம் உட்கார்ந்து, புத்தகத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மனப்பாடமாகவே கிரேக்க வினைச்சொற்களை ஒப்பிப்பான். ஆற்றுக்குத் தெற்கே ஒரு பள்ளியில் அடுத்த வருஷம் அக்டோபருக்குள் பட்டத்தோடு வந்தால் வாத்தியார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் மறுபடியும் ஏர்தான்.

பின்னி கூரைக்காக எழுதினார். கட்டடக் குழுவிடமிருந்து பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் மழையானது, வகுப்பு நடைபெறும் வேளையில் மாணாக்கர் தலைமீது பெய்வதால், இது போதனை சார்ந்த பொருளாகும்.' பின்னி போதனைக் குழுவுக்கு எழுதினார். அவர்கள் எழுதினார்கள்: 'மழை போதனை சார்ந்ததே ஆயினும், கூரை கட்டடம் சார்ந்தது. இரண்டும் சந்திக்கும் பொருள்களைத் தலைவரே தீர்மானிக்க வேண்டும்.'

தலைவர்தான் இல்லையே. மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர் ஒருவரைச் சொன்னால் மெதடிஸ்டுகள் மறுத்தார்கள். மெதடிஸ்டைச் சொன்னால் பிரஸ்பிட்டேரியன்கள் மயக்கம் போட்டார்கள். சபையே வேண்டாம் என்றவரைச் சொன்னபோது இரண்டு தரப்பும் சேர்ந்து மறுத்தார்கள். கடைசியில் பிலடெல்பியாவில் டாக்டர் எலிஃபலெட் தோர்ன் என்று ஒரு கிழவர் அகப்பட்டார். அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாததால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

பதில் மே மாதம் வந்தது. ஊரின் தபால் நிலையம் என்பது தேங்ஃபுல் ரூட் என்ற விதவையம்மாள் நடத்திய விடுதியில், சாராயப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒரு மேஜை. அந்த அம்மாள் தபால் பையைத் திறந்து, பின்னியோடு வந்திருந்த மேஜரிடம் இரண்டு கடிதங்களைக் கொடுத்தாள்.

முதல் கடிதத்தைப் பிரித்ததும் ஹஸ்கின்ஸ் துள்ளிக் குதித்தார். "ஒத்துக்கிட்டார்! முழு மனசோட ஒத்துக்கறேன்னு எழுதியிருக்கார்! யாராவது போய் மணியடிங்கப்பா!"

மணி அடித்தது. மணியடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கடிதத்தைப் பிரித்தார். அது டாக்டரின் தம்பி மகள் எழுதியது. பெரியப்பா ஏற்புக் கடிதம் எழுதிய ஐந்தாம் நாள் காய்ச்சலில் காலமானார் என்று இருந்தது.

"மணியை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றாள் ரூட் அம்மாள்.

"இரும்மா, இரு. யோசிக்க விடு." ஹஸ்கின்ஸ் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு மூன்று வருஷம், இன்னொரு நானூறு கடிதம், அவர் கண்முன்னால் வரிசையாக நின்றிருக்க வேண்டும். மெல்லச் சட்டைப்பையிலிருந்து பல்கலைக்கழக விதிகளை எடுத்துப் புரட்டினார். முகம் தெளிந்தது. "விதி ஒன்பது. 'தலைவர், தம் கைப்பட எழுதிய ராஜினாமாவை அளிக்கும் வரையில் பதவியில் நீடிப்பார்.'"

"மேஜர், அவர் செத்துட்டார்," என்றார் பின்னி.

"அது அவரோட சொந்த விஷயம். ராஜினாமா குடுத்தாரா?"

"எப்படிக் குடுப்பார்?"

"அப்ப பதவியில இருக்கார்." ஹஸ்கின்ஸ் விதிப் புத்தகத்தை மடித்தார். "செத்தா பதவி போகும்னு எந்த விதியிலயாவது இருக்கா, காட்டுங்க. பதினஞ்சு பேர் சேந்து நாலு வருஷம் எழுதின விதி. சும்மா மீற முடியுமா?"

ஹஸ்கின்ஸ் எதையும் மறைக்கவில்லை, பதினைந்து அறங்காவலர்களுக்கும் உண்மையை உள்ளபடியே எழுதினார். ஒரு மாதத்தில் பதினைந்து பதில்களும் வந்தன. அத்தனை பேரும் சம்மதம்! டாக்டர் தோர்ன் இனிமேல் கொள்கையில் தவறிழைக்க வாய்ப்பில்லை என்று பிரஸ்பிட்டேரியன்கள் மகிழ்ந்தார்கள். அவர் பிரசங்கம் செய்யும் அபாயம் நீங்கியதாக மெதடிஸ்டுகள் குறிப்பிட்டார்கள்.

பின்னிக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில், மழை சொட்டுகிற மேஜையில் உட்கார்ந்து, டாக்டர் தோர்னுக்கே ஒரு கடிதம் எழுதினார்: 'மாட்சிமை பொருந்திய தலைவர் அவர்களுக்கு. கூரையின் மறுபாதியை வேய்வதற்குத் தங்கள் அனுமதியைப் பணிவுடன் கோருகிறேன். தங்களுக்கு மழை ஒரு பொருட்டில்லை என்பதை அறிவேன்.' பிரதியைச் செயலாளருக்கு அனுப்பினார். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது அவருக்கு.

அறுபத்தொன்றாம் நாள் காலை, ஹஸ்கின்ஸ் இரண்டு தச்சர்களோடும் ஒரு வண்டிப் பலகையோடும் வந்து நின்றார்.

"தலைவர் சம்மதிச்சுட்டார்."

"யாரு?"

"விதி பதினேழு. 'தலைவர் அறுபது நாளுக்குள் எழுத்துமூலம் மறுக்காவிடில், அது அவருடைய சம்மதமாகவே கொள்ளப்படும்.' மறுக்கலியே மனுஷன். தங்கமான தலைவர்."

அன்றைக்கு ராத்திரி பெய்த மழையில் நியூ கொரிந்த் பல்கலைக்கழகம் முதன்முறையாக நனையவில்லை.

அதற்கப்புறம் பின்னி நிறுத்தவில்லை. அடுப்பு கேட்டார், தலைவர் மறுக்கவில்லை. புத்தகங்கள் கேட்டார், உலக உருண்டை கேட்டார், பன்றி நுழையாமல் வேலி கேட்டார். தலைவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. 'குழுவுக்கு அனுப்பலாம்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை. மாணவர்கள் முப்பது பேரானார்கள். வேறு பல்கலைக்கழகங்களில் தலைவரும் பேராசிரியர்களும் பத்திரிகையில் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஒரு சின்ன மனஸ்தாபம்கூட இல்லை.

மறு வருஷக் கோடையில் ஓபெத்துக்குப் பட்டம் தரும் வேளை வந்தது. பட்டத்தில் தலைவர் கையெழுத்திட வேண்டும். அல்லது அவர் அதிகாரம் அளித்தவர். தம்மைக் கையெழுத்திட அனுமதிக்கும்படி பின்னி பிலடெல்பியாவுக்கு எழுதினார். அறுபது நாளும் ஓபெத் தபால் மேஜைக்கு வந்து வந்து நின்றான். ஏதாவது வந்துவிடப் போகிறதே என்ற பயம். ஒன்றும் வரவில்லை. செப்டம்பர் ஒன்பதாம் தேதி பின்னி பட்டம் எழுதிய ஆட்டுத்தோலில் கையெழுத்திட்டு அவனிடம் கொடுத்தார்.

ஓபெத் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்தால் கைக்குழந்தையை வாங்கியவன் மாதிரி இருந்தது. பிறகு, "ஐயா, அவருக்கு நான் ஒரு நன்றிக் கடிதம் எழுதணும்," என்றான்.

"அவர் இல்லடா, ஓபெத். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. ஆனா எனக்கு முடியாதுன்னு சொல்லாத பெரிய மனுஷர் அவர் ஒருத்தர்தானே?"

பின்னி மைக்கூட்டை அவன் பக்கம் நகர்த்தினார். ஓபெத் எழுதி முடித்து, பட்டத்தைத் தொப்பிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து போனான்.

தலைவரின் புகழ் பரவியது. மாநிலச் சட்டசபை அவரிடம் விளக்கம் கேட்டு எழுதியது, பதிலில்லை. அரசியல்வாதிக்கு வளையாத மனிதர் என்று சட்டசபையே பாராட்டித் தீர்மானம் போட்டது. பிறகு ஒருநாள் ஹஸ்கின்ஸ் வெளிறிய முகத்தோடு ஓடிவந்தார்.

"புரொபசர், குடி கெட்டுது! தெற்கே இருக்கற பல்கலைக்கழகம் நம்ம தலைவரைக் கூப்பிடுது. வீடு தராங்களாம், குதிரை தராங்களாம்."

"கூப்பிடட்டுமே."

"போயிட்டார்னா?"

"எங்க போவார், மேஜர்?"

"அவங்க கடிதத்துக்கும் அவர் மறுப்பு சொல்ல மாட்டாரே! அறுபது நாள் ஆச்சுன்னா சம்மதம்னு எடுத்துப்பாங்களே!"

இதைப் பின்னி யோசித்துப் பார்த்திருக்கவில்லை. அவசரக் கடிதங்கள் பறந்தன. ஐம்பத்தெட்டாம் நாள், அறங்காவலர்கள் ஏகமனதாக டாக்டர் தோர்னை ஆயுட்காலத் தலைவராக்கினார்கள்.

வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாராட்டின சட்டசபை, இப்படிப்பட்ட உத்தமர் மாணவர்கள் கண்ணில் படும்படி இருந்தால் இன்னும் நல்லது என்று கருதி, தலைவர்கள் பல்கலைக்கழக ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

ஹஸ்கின்ஸ் மூன்று நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நான்காம் நாள் விடுதிக்கு வந்து, "அவரை இங்கயே... குடிவர வெக்க..." என்று இழுத்தார்.

"மேஜர்," என்றாள் ரூட் அம்மாள், பீப்பாயைத் துடைத்துக்கொண்டே, "மண்வெட்டியைப் பத்தி யோசிக்கறீங்கன்னா இப்பவே சொல்லிடறேன். என் விடுதியில ரூம் காலியில்ல."

மாநிலச் சட்டத்துக்கு முன்னால் விதி ஒன்பது செல்லவில்லை. வேறு வழியின்றி, கண்ணீர் மல்கும் நன்றித் தீர்மானத்தோடு டாக்டர் தோர்ன் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பதினொரு மாத எழுத்துப்போருக்குப் பிறகு அசாஹெல் பின்னி தலைவரானார். கையுள்ள நாற்காலி ஒன்று வந்தது. ஊரே கைதட்டியது. இவ்வளவு செய்தவர், இன்னும் எவ்வளவு செய்வார்!

முதல் வாரமே மாணவர்கள் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் காலை ஐந்து மணி வகுப்பை ஆறு மணிக்கு வைக்க வேண்டும். ஐந்து மணி வகுப்பைப் பின்னியே வருஷக்கணக்காகச் சபித்தவர்தான். ஆனால் கையுள்ள நாற்காலியில் உட்கார்ந்து படித்தபோது அது வேறு மாதிரித் தெரிந்தது. இன்றைக்கு ஆறு என்றால் நாளைக்கு ஏழு என்பார்கள். அறங்காவலர்கள் என்ன நினைப்பார்கள்? நான்கு பக்கம் பதில் எழுதினார்: 'தங்கள் விண்ணப்பம் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு, ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட பொழுதின் தன்மையை ஆராய ஒரு குழு அமைக்கப்படுகிறது.' பிப்ரவரிக்குள் ஏழு குழுக்கள் ஆகிவிட்டன. ஏழும் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டிருந்தன. அடுப்பில் விறகில்லை. விறகு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதில் சந்தேகம் இருந்தது.

ஒரு காலை பின்னி தபால் மேஜைக்கு வந்தார். ரூட் அம்மாள் பையில் கடிதங்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலாக இருந்த முகவரி அவர் கண்ணில் பட்டது. அதற்கடுத்ததும் அதே முகவரி. பிலடெல்பியா, டாக்டர் தோர்ன்.

"என்ன இது?"

"பதினொன்னு இருக்கு. எட்டு பசங்களோடது. ரெண்டு அறங்காவலர்ங்களோடது. இது மேஜர் கையெழுத்து, பாருங்க, மாவு ஒட்டியிருக்கு."

"அவர் தலைவரே இல்லம்மா இப்ப! நான்தான் தலைவர்!"

"நீங்கதான், யாரு இல்லேன்னா? அதனாலதான் அவருக்கு எழுதறாங்க."

"பதவியே இல்லாத ஒருத்தர்கிட்ட..."

"பதில் போடாம இருக்கறதுக்குப் பதவி எதுக்கு, புரொபசரய்யா?" அவள் பையின் வாயை விரித்துப் பிடித்தாள். வெளியே வண்டிக்காரன் கொம்பு ஊதினான். "சரி, கோட்டுக்குள்ள வெச்சிருக்கறதை எடுங்க. வண்டி கிளம்பப் போகுது."

பின்னி வாசலைப் பார்த்தார். வீதியில் பன்றிகளைத் தவிர யாரும் இல்லை. தாம் அமைத்த ஏழு குழுக்களையும் கலைப்பதற்கு அனுமதி கோரி, தம்முடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்த கடிதத்தை மெல்ல எடுத்து நீட்டினார்.

"பன்னெண்டு," என்று சொல்லிப் பையைக் கட்டினாள் ரூட் அம்மாள்.