தோடையிலையைக் கிளிநொச்சிக்குக் கொண்டு போன கதை

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். மூண்டு தோடை மரத்தின்ரை, அதுதான் ஆரஞ்சு மரத்தின்ரை, இலையைப் பிடுங்கி, கிளிநொச்சியிலை இருக்கிற விவசாயப் போதனாசிரியரிட்டைக் காட்டி, மரத்துக்கு என்ன குறை எண்டு கேட்டுக்கொண்டு வரவேணும்.

அவ்வளவுதான். கையும் சைக்கிளும் இருக்கிற ஆரும் செய்யலாம்.

மரம் என்ரை இல்லை. மாமாவின்ரை. நான் தண்ணீரூற்றிலை கலியாணம் முடிச்சு, எங்கடை வழக்கப்படி பொம்பிளை வீட்டிலை போய்க் குந்தி அப்ப ஆறு மாதம். கிணத்தடியிலை மூண்டு மரம் நிண்டுது. ஒண்டு தோல் லேசா உரியிற சின்னத் தோடை. மற்றது இனிப்புத் தோடை. மூண்டாவது ஒட்டுத் தோடை. அந்த ஒட்டுக்கண்டை மாமா லொறியிலை மடியிலை வைச்சுக் கொண்டந்தவராம். "பெத்த பிள்ளையளைக்கூட மனுசன் அப்பிடி மடியிலை வைச்சிருக்கேல்லை" எண்டு மாமி சொல்லுவா.

மூண்டும் மஞ்சளாப் போச்சு. பழம் மஞ்சளெண்டாப் பறவாயில்லை. இலை!

மாமி முடிவெடுத்திட்டா. மருமோனுக்கு மரியாதை எண்டு என்னோடை அவா நேரை கதைக்கிறேல்லை. முத்தத்திலை மேயிற கோழியைப் பாத்துத்தான் கதைப்பா. விளங்கவேண்டிய ஆளுக்கு விளங்கும்.

"பொங்கலுக்கு முதல் உதுகள் பச்சை பிடிக்காட்டி, மூண்டையும் தறிச்சுப்போட்டு மிளகாய் நடப்போறன். பொங்கலுக்கு விறகும் ஆச்சு."

மாமா அரைவாசியிலை சோத்துக் கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போய், ஒட்டு மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அதைப் பாக்க எனக்கு உண்மையிலேயே மனம் தாங்கேல்லை.

மனம் தாங்காட்டிப் பேசாமல் இருந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தன்.

"தறிக்காதேங்கோ மாமி! உது எனக்குத் தெரிஞ்ச விசயம்."

எனக்கு என்ன தெரியும்? அதுக்கு முதல் மாதம் புதுக்குடியிருப்பிலை பழமரச் செய்கை எண்டு ஒரு நாள் வகுப்பு வைச்சவை. போனனான். தேத்தண்ணியும் பணிசும் தந்தவை. பணிஸ் நல்லாயிருந்தது.

"தோடையெல்லாம் ஒண்டெண்டு நினைக்காதேங்கோ மாமி. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு பசி. ஒண்டுக்குத் துத்தநாகம் காணாது, ஒண்டுக்கு இரும்பு காணாது. இலையைப் பாத்தாச் சொல்லிப்போடலாம்."

மாமி கோழியைப் பாத்தா. "மரத்தின்ரை பசி தெரியுது. குடத்திலை தண்ணி இல்லாதது தெரியேல்லை."

நான் விடேல்லை. "இப்போதைக்கு அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுங்கோ. பழம் இனிக்கும்" எண்டும் ஒரு புத்தி சொன்னன்.

அந்தச் சாம்பலைக் கொஞ்சம் ஞாபகத்திலை வைச்சிருங்கோ. நான் மறந்துபோனன்.

யூரியா வாங்கிப் போட்டால் என்ன எண்டு கேக்கப்போறியள். யூரியாவோ! சண்டையாலை எங்கடை பக்கம் சாமான் வரத் தடை இருந்த காலம். உடுப்புத் தோய்க்கச் சவுக்காரமே இல்லை. மாமி சாம்பலைக் கரைச்சுத்தான் தோய்க்கிறவா. யூரியாவை நாங்கள் பழைய உரப்பையின்ரை எழுத்திலைதான் கண்டனாங்கள்.

ரெண்டு கிழமை போச்சு. மரம் இன்னும் மஞ்சளாச்சு. மாமி கத்தியைத் தீட்டக் குடுத்திட்டா எண்டு என்ரை மனுசி வந்து சொன்னாள். இனி ஒரு வழிதான். தெரிஞ்ச ஆளிட்டைப் போறது.

வகுப்பிலை சொன்னதிலை ஒண்டு மட்டும் மண்டையிலை நிண்டுது. கொழுந்து மஞ்சளெண்டா ஒரு குறை, முத்தலிலை மஞ்சளெண்டா வேறை குறை. எது எதெண்டு மறந்துபோச்சு. அதாலை மரத்துக்கு ரெண்டு கட்டாய் ஆறு கட்டு இலை பிடுங்கினன். ஒவ்வொரு கட்டுக்கும் நூல். ஒவ்வொரு நூலிலும் கொப்பித்தாள் துண்டிலை பேர். ஈரச்சீலையிலை சுத்தி, பனையோலைப் பைக்குள்ளை வைச்சு, சைக்கிளிலை கொழுவினன். மனுசியின்ரை தாலிக்கொடியைக் கொண்டு போனாலும் அவ்வளவு பக்குவம் பாத்திருக்கமாட்டன்.

வழியிலை ரெண்டு தரம் ரியூப் போச்சு. தர்மபுரத்துக்குப் போய்ச் சேரப் பொழுது சரிஞ்சிட்டுது. அங்கை என்ரை சினேகிதன் சிவராசா வீடு. தங்கிப்போட்டு விடியப் போவம் எண்டு இறங்கினன்.

அவன் மலேரியாக் காய்ச்சலிலை போர்த்து மூடிக்கொண்டு கிடக்கிறான். பெண்சாதி கமலாதான் ஓடியந்தா. நான் பையை அவாவின்ரை கையிலை குடுத்தன்.

"தங்கச்சி, இது தோடையிலை. கவனமா வையுங்கோ, வாடவிடாதேங்கோ."

கமலாவுக்குக் கண் கலங்கிப்போச்சு. "நல்ல நேரத்திலை வந்தியள் அண்ணை! உங்களைக் கடவுள்தான் அனுப்பினவர்."

எனக்குப் புழுகம் தாங்கேல்லை. என்னைக் கண்டு அவ்வளவு சந்தோசப்பட்ட ஆக்கள் அதுக்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை.

கிணத்தடிக்குப் போய் ஆறுதலாக் குளிச்சன். திரும்பி வர கமலா கூப்பிட்டா. "அண்ணை, இவருக்கு வேது வைச்சனான். பிடிச்சு முடிஞ்சுது. பானை இன்னும் சூடாத்தான் இருக்கு, நீங்களும் பிடியுங்கோவன். சைக்கிள் ஓடின உளைவு போயிடும்."

ஏன் விடுவான்? போர்வையைத் தலையோடை மூடிக்கொண்டு பானைக்கு மேலை குனிஞ்சு ஆவியை இழுத்தன். ஆகா! மூக்குத் திறந்தது, தொண்டை திறந்தது. தண்ணீரூற்றிலை இருந்து அடைச்சுக்கொண்டு வந்த புழுதியெல்லாம் கழண்டுது.

"தங்கச்சி, என்ன வாசம்! என்ன இலை போட்டனீங்கள்?"

"நொச்சியும் வேம்பும் எங்கடை வளவிலை பிடுங்கினது. தோடையிலை நீங்கள் கொண்டந்தது."

போர்வைக்குள்ளை இருந்து தலையை வெளியிலை நீட்டினன்.

"ஆறு கட்டுமோ?"

"ஓம் அண்ணை. நாலு நாளாய்த் தேடினனான், இந்தப் பக்கம் ஒரு வளவிலையும் தோடை இல்லை. நீங்கள் அவ்வளவு தூரத்திலை இருந்து கொண்டந்ததை மிச்சம் பிடிக்கக் கூடாதெண்டு எல்லாத்தையும் போட்டனான். நூலையும் தாளையும் கழட்டிப்போட்டுத்தான் போட்டனான். பயப்பிடாதேங்கோ!"

அவாவிலை என்ன பிழை? எங்கடை சனத்திலை காய்ச்சல்காரன் வீட்டுக்கு ஒருத்தன் இலைக்கட்டோடை வந்தா அது வேதுக்குத்தான். இலையை நோயாளியெண்டு கொண்டு திரியிறவன் நான் ஒருத்தன்தான்.

உள்ளுக்கை கிடந்து சிவராசா சொன்னான், "மச்சான், இப்பதான் உடம்பு கொஞ்சம் லேசா இருக்கு. நீயெல்லோ சினேகிதன்!"

அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? "அதுக்கென்ன மச்சான்" எண்டன்.

விடிய எழும்பி அகப்பையாலை பானையைத் துளாவினன். எல்லாம் ஒரே நிறம். சின்னத் தோடையுமில்லை, ஒட்டுமில்லை, கொழுந்துமில்லை, முத்தலுமில்லை. வேப்பிலையை மட்டும் அடையாளம் கண்டுபிடிச்சன். அதுக்கு வகுப்புத் தேவையில்லை.

திரும்பிப் போய் வேறை இலை பிடுங்கலாம். ஆனா அங்கை மாமி நிப்பா. கோழியும் நிக்கும். கிடைச்சதைப் பிழிஞ்சு தாளிலை சுத்திக்கொண்டு கிளிநொச்சிக்கே மிதிச்சன்.

போதனாசிரியர் பொட்டலத்தைப் பிரிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டார். மணந்து பாத்தார்.

"தம்பி, இது அவிச்ச இலை."

"ஓம் சேர்."

"மரத்துக்கு என்ன, தடிமனோ?"

நடந்ததைச் சொன்னன். மனுசன் சிரிச்சு முடிய ஒரு செம்பு தண்ணி குடிக்கவேண்டி வந்தது.

"சரி, வாயாலை சொல்லும். மஞ்சளானது கொழுந்தோ முத்தலோ?"

"மஞ்சள்தான் சேர்."

"நரம்பு பச்சையா இருந்ததோ?"

"நரம்பு இருந்தது சேர்."

பேனையை மூடி வைச்சிட்டார். "மரத்தை விடும். மரத்துக்குக் கீழை என்ன நடக்குது?"

"ஒண்டுமில்லை சேர். மாமி உடுப்புத் தோய்க்கிறவா."

"என்னத்தாலை?"

"சாம்பல் தண்ணியாலை."

"அந்தத் தண்ணி எங்கை ஓடுது?"

"மரத்தடிக்கு..." எண்டு இழுத்தன். அவருக்கு விளங்கிச்சுது.

"அது காணாதெண்டு வேறை சாம்பலும் போடுறவையோ?"

"ஆரோ ஒரு விசரன் போடச் சொன்னவனாம் சேர்."

"கொஞ்சச் சாம்பல் நல்லது. உங்கடை மரம் சாம்பலிலை குளிக்குது. அப்பிடியெண்டா மண்ணிலை இரும்பு இருந்தாலும் வேராலை எடுக்கேலாது. சோறு முன்னாலை கிடக்கும், வாயைக் கட்டியிருக்கும். உங்கடை ஒட்டுத் தோடைதான் கூட வாடியிருக்கும், என்ன? சின்னத் தோடை கொஞ்சம் தாங்கும். இனத்துக்கு இனம் பசி வேறைதான், அதிலை பிழையில்லை. ஆனா முதல் அந்தத் தண்ணியை வேறை பக்கம் திருப்பி விடும். ஆட்டெருவும் பச்சைக் குழையும் மண்ணிலை தாழும். மிச்சத்தை மழை பாக்கும்."

வரும் வழியெல்லாம் மாமிக்கு என்னண்டு சொல்லுறதெண்டு யோசிச்சன். "நீங்கள் தோய்க்கிற தண்ணிதான் மரத்தைக் கொல்லுது" எண்டு சொல்லலாம். "சாம்பல் போடச் சொன்னது ஆர்?" எண்டு கோழியிட்டைக் கேப்பா. கோழிக்கு மறுமொழி தெரியும்.

படலையைத் திறக்க முதலே மாமியின்ரை குரல் வந்தது. "பெரியாள் வந்திட்டார். மரத்துக்கு என்னவாம்?"

தீட்டின கத்தி சுவரிலை சாத்தியிருக்கு. மாமா கிணத்துக் கட்டிலை இருந்து என்ரை வாயையே பாக்கிறார்.

"மாமி... நீங்கள் இனி உடுப்புத் தோய்க்கப்படாது."

வாழ்க்கையிலை முதல் முறையா மாமி என்னை நேரை பாத்தா. "ஏன் தம்பி?"

"உங்களுக்கு இடுப்பு நோ எல்லே. இனி நான் தோய்க்கிறன். தோய்க்கிற கல்லையும் அங்காலை வாழைப் பக்கம் மாத்திறன். குனிய வசதி. மரத்துக்கு ஆட்டெரு போடட்டாம். சாம்பல் வேண்டாமாம்."

மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோழியை அடியோடை மறந்துபோனா.

மழை நல்லாப் பெய்தது. நானும் நல்லாத் தோய்ச்சன். பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கேக்கை ஒட்டுத் தோடையிலை கரும்பச்சையாக் கொழுந்து விட்டிருந்தது. கத்தி தென்னோலை வெட்டப் போயிட்டுது. ஊரிலை எனக்கும் ஒரு பேர் வந்தது, "நல்லாத் தோய்க்கிற மருமோன்" எண்டு.

அண்டைக்கு நான் வாழையடியிலை மாமியின்ரை சீலையைப் பிழிஞ்சுகொண்டு நிக்கிறன். மாமா மெல்ல வந்தார். குசினிப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சாம்பல் தண்ணிதான் காரணமெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

எனக்குச் சீலை கையாலை நழுவிப்போச்சு. "பின்னை ஏன் மாமா சொல்லேல்லை?"

"சொன்னா, பிறகு ஆர் தோய்க்கிறது?" எண்டு கேட்டிட்டு, தன்ரை ஊத்தைச் சாரத்தையும் கல்லிலை வைச்சிட்டுப் போனார்.